அப்பா படத்துக்கு உட்கார்ந்த நாள்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். நெஞ்சுவலி வந்த அப்பாவை மணலூர்பேட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. வீட்டிலேயே இறந்துபோனார். கூலி வேலை செய்தவர். ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.

முதல் வருஷப் படையலுக்குப் படம் வேண்டும். திருக்கோவிலூரில் கடைப்பலகை எழுதும் ஓவியரிடம் அம்மாவோடு போனேன். முகத்தைச் சொல்லத் தெரியாமல் அம்மா அழுதாள்.

"யாருக்காவது அவரு ஜாடை இருக்குதாம்மா?" என்றார் ஓவியர்.

"இதோ நிக்கிறாளே எம்பொண்ணு, அப்படியே அவருதாங்க."

என்னை உட்கார வைத்து வரைந்தார். பிறகு மீசை வைத்தார், நரை சேர்த்தார். நான் கூச்சத்தில் குனிந்தபோதெல்லாம், "நிமிரும்மா, உங்கப்பா குனிஞ்சிக்கினா இருப்பாரு?" என்று அதட்டினார்.

படையலன்று எதிர்வீட்டு அத்தை கேட்டுவிட்டாள்: "இன்னாடி இது, உசுரோட கீற பொண்ணு மூஞ்சிக்கு மாலை போட்டுக்கினு கீறே?"

அம்மா உடனே மாலையைக் கழற்றினாள். அப்பாவுக்கு மாலைகூட இல்லையே என்று நான் அழுதேன்.

"கோச்சுக்க மாட்டாருடி. உன்னவிட மாலையா பெருசு அவருக்கு?" என்றாள் அம்மா.

அதன்பிறகு அந்தப் படத்துக்கு மாலை போட்டதே இல்லை. இப்போது எனக்கும் நரைத்துவிட்டது. அப்பாவின் சொந்த முகம் எனக்கு மறந்து வெகுகாலமாகிறது. அவரை நினைத்தால் அந்தப் படம்தான் வருகிறது, நான்தான் வருகிறேன்.