என் மைத்துனன் வெட்டிய கம்பி

என் மைத்துனனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றால் எனக்குக் கை வராது. நல்லவேளை, இது அவனைப் பற்றியதல்ல. அவனுடைய அக்காவைப் பற்றியது. அதாவது என் மனைவி.

அவள் எஞ்சின் மெக்கானிக், நான் அதே பட்டறையில் பெயிண்டர். அவளுக்கு ஊரில் 'முக்கோணம்' என்று பட்டப்பெயர். அவள் பிரித்துக் கட்டும் ரோட்டரி எஞ்சினுக்குள் பிஸ்டன் கிடையாது, முக்கோண வடிவ இரும்புக் கட்டைகள்தான் சுழலும். அவற்றின் மூலைகளில் தீக்குச்சித் தடிமனில் சீல் பட்டைகள் இருக்கும். அவை உடைந்தால் எஞ்சின் காலி.

வருடக்கணக்காக மலைப்பாதைப் பந்தயத்துக்கு அவள் எஞ்சின் கட்டுவாள், தம்பி ஓட்டுவான். கோப்பை அவன் கையில் இருக்கும், போட்டோவில் அவன் பல் தெரியும். நானும் ஓட்டுகிறேனே என்று இவள் கேட்டால், "அவன் ஆம்பளப் பையன், நாலு பேரு பாக்கணும். உனக்கெதுக்குடி?" என்பார் என் மாமியார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் அவள் யாரையும் கேட்கவில்லை. தன் காரை, தானே ஓட்டுவதாகப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். தம்பி காரும் அவள் காரும் ஒரே மாதிரிதான். எஞ்சின் தானாகக் காற்றை இழுத்துக்கொண்டு ஓடும். தன்னுடையதில் டர்போ பொருத்துவதென்று முடிவெடுத்தாள். பழைய இரும்புக் கடையில், விபத்தில் நசுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து டர்போவைக் கழற்றி வந்தாள். அதன் சுழல்தண்டை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னும் உயிர் இருக்குங்க" என்றாள்.

எஞ்சின் புகை டர்போவின் சக்கரத்தைச் சுழற்றும். அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், இல்லாவிட்டால் சீல் நொறுங்கிவிடும். பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுவரை கசிவு பார்க்க மட்டும் மெதுவாக ஓட்டலாம் என்று, டர்போவின் பக்கக் கதவைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டி வைத்தாள். புகை அந்த வழியே போய்விடும், டர்போ சும்மா கிடக்கும்.

நாங்கள் இருவரும் சாமான் வாங்கப் போன நேரத்தில் மைத்துனன் வந்திருக்கிறான். கம்பியைப் பார்த்திருக்கிறான். வெட்டியிருக்கிறான். காரை எடுத்துப் போய் மேட்டுச் சாலையில் ஏறி மிதித்திருக்கிறான்.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். "கம்பிய உள்ளயே மறந்து விட்டிருந்தக்கா. நான்தான் எடுத்துவிட்டேன். என்ன இழுப்பு தெரியுமா! அப்புறம்தான் டொப்புன்னு ஒரு சத்தம்..." பாராட்டை எதிர்பார்க்கும் முகம் அது. எனக்கு அறையலாம் போலிருந்தது.

அவள் பிரித்துப் பார்த்தாள். நொறுங்கிய சீல் துண்டுகள் வெளியே பறந்து டர்போ சக்கரத்தையும் சிதைத்திருந்தன. எஞ்சின் உறை முழுக்கக் கீறல். புது உறை வர மாதக்கணக்கில் ஆகும். பந்தயமோ இந்த மாதக் கடைசியில்.

"தம்பிதானே, தெரியாம செஞ்சுட்டான். இந்த வருஷமும் அவனே ஓட்டட்டும், விடு" என்றார் மாமியார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறந்தேன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் என் மனைவி.

நேரே போய்த் தம்பியின் காரைப் பட்டறைக்குள் தள்ளினாள். நானும் கை கொடுத்தேன். பானெட்டைக் கழற்றினாள், ஒவ்வொரு போல்ட்டாக எடுத்தாள், எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டினாள். எஞ்சின் மேலே எழும்பியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா! அது என் எஞ்சின்!"

"உன்னுதா? சரி, உள்ள எத்தன முக்கோணம் சுத்துதுன்னு சொல்லு. சரியா சொன்னா இப்பவே திருப்பி மாட்டிடறேன்."

அவன் "மாமா..." என்று என்னைப் பார்த்தான். நான் செயினைப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்தான். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"மூணு" என்றான்.

உள்ளே இருப்பது இரண்டு. இத்தனை வருடம் அதை ஓட்டிக் கோப்பை வாங்கியவன்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"தள்ளி நில்லுடா, கால்ல விழுந்துடப் போகுது" என்று சொல்லிவிட்டு, எஞ்சினைத் தன் காரின் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.