சோப்பு டப்பா சுவிட்ச்

அப்பாவுக்கு இரண்டு முறை பக்கவாதம் வந்தது. முதல் முறை வலது பக்கம் போனது. மூன்று வாரம் கழித்து வந்தது இடது பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. மருத்துவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். கைகள் இல்லை. கால்கள் இல்லை. தலை நிற்காது. பேச்சு இல்லை. கஞ்சி விழுங்கலாம், மெதுவாக. கேட்பது, பார்ப்பது, புரிந்துகொள்வது இருக்கிறது. இடது கட்டைவிரல் அசைகிறது. கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டேன்.

அப்பா தனியார் பேருந்தில் நடத்துநர். திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் வழியாக ஒட்டன்சத்திரம் போகும் வண்டி. அவர் குரல் நாகல் நகரில் எங்கள் தெரு முனையில் கேட்டால், இங்கே அம்மா உலை வைப்பாள். அந்தக் குரல் இல்லாத வீட்டில் அம்மா நாள் முழுவதும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணி வேணுமா, புரட்டிப் போடவா, குளிருதா. கண்ணை மூடினால் ஆமாம் என்று வைத்துக்கொண்டோம். ஆனால் கண் அதன் பாட்டுக்கு மூடிக்கொண்டே இருந்தது.

எனக்கு அப்போது பாலிடெக்னிக் ஆய்வகத்தில் பயிற்றுநர் வேலை. சனி, ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகள் ஏற்கெனவே ஒரு பொழுதுபோக்குக்குச் சொந்தமாக இருந்தன. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த சிறிய கம்ப்யூட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. ரப்பர் பொத்தான்கள், டிபன் பாக்ஸ் மூடியை விடக் கொஞ்சம் பெரியது. டிவிதான் அதற்குத் திரை, டேப் ரெக்கார்டர்தான் அதற்கு ஞாபகம். கேசட்டைப் போட்டால் கீச்சென்று கத்தி, நான்கைந்து நிமிடத்தில் புரோகிராமை உள்ளே வாங்கிக்கொள்ளும். கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும், மறுபடி கீச். வாரா வாரம் அதில் ஏதாவது செய்வேன். விளக்குகளை வரிசையாக எரியவிடுவது, தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் மணி அடிப்பது. யாருக்கும் தேவைப்படாத காரியங்கள். அவற்றைச் செய்து முடித்த திருப்தி திங்கட்கிழமை மதியம் வரை தாங்கும்.

முதல் தடவையாகத் தேவையான ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். டிவியில் பத்து வரிகள். ஒரு அம்புக்குறி ஒவ்வொரு வரியிலும் நான்கு விநாடி நிற்கும். வேண்டிய வரியில் அது நிற்கும்போது அப்பா சுவிட்சை அழுத்த வேண்டும். அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுத்தேன். அதற்கே நான்கு ஞாயிறு ஆனது.

பட்டியல் போடுவது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. தண்ணீர், பசி, சிறுநீர், மலம், புரட்டு, ஃபேன், போர்வை, வலி, அரிப்பு, ரேடியோ. காலிங் பெல்லில் இருக்கும் பொத்தானைப் பிரித்து, ஸ்பிரிங்கை மாற்றி மெதுவாக்கி, ஒரு சோப்பு டப்பாவுக்குள் பொருத்தி அப்பாவின் கைக்குள் வைத்தேன். அழுத்தியது அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, டப்பாவுக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய பஸ்ஸரையும் வைத்தேன்.

முதல் நாள் அம்பு ‘தண்ணீர்’ மேல் நின்றபோது பஸ்ஸர் ஒரு முறை ஒலித்தது. “தண்ணி” என்று வாசித்துச் சொன்னேன். அம்மா தம்ளரோடு ஓடினாள். அப்பா குடித்தார். வாயோரம் வழிந்ததைத் துடைத்தபடி அம்மா டிவியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அடுத்த வாரமே கோளாறு ஆரம்பித்தது. அப்பா அழுத்தினால் இரண்டு அழுத்தலாகப் பதிவானது. எந்த வரி என்றில்லை, ஒவ்வொரு வரியிலும். சுவிட்ச் வேலையில் இது தெரிந்த சங்கதி. உலோகம் உலோகத்தைத் தொடும்போது துள்ளும். ஒரு அழுத்தலை இயந்திரம் இரண்டாக எண்ணிவிடும். முதல் அழுத்தலுக்குப் பிறகு சற்று நேரம் எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். நிற்கவில்லை. இடைவெளியை அளந்து பார்த்தேன். சுமார் மூன்றில் ஒரு பங்கு விநாடி. துள்ளல் அவ்வளவு நேரம் நீடிக்காது. அப்படியானால் விரல் நடுக்கம் என்று முடிவு செய்தேன். ஒரு முழு விநாடி கண்டுகொள்ளாதே என்று மாற்றினேன். அன்றைக்கு அளந்த எண்கள் இன்னும் நோட்டில் இருக்கின்றன. பதினைந்து தடவை அளந்திருக்கிறேன். பதினைந்தும் ஏறக்குறைய ஒரே எண். மாணவன் ஒருவன் இதை நடுக்கம் என்று எழுதி வந்திருந்தால், நடுங்கும் விரல் இவ்வளவு சீராக நடுங்காது என்று சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

மாற்றிய பிறகு எந்த வரியில் இரண்டு அழுத்தினாலும் இயந்திரம் ஒன்று என்றே எடுத்துக்கொண்டது. ‘போர்வை’ என்றது; போர்த்தினோம். ‘பசி’ என்றது, கஞ்சி கொடுத்தோம். அவர் வாயை மூடிக்கொண்டார். போகப் போக அழுத்துவதையே குறைத்துவிட்டார். “சுவிட்ச் சரி. நோயாளிக்குச் சோர்வு” என்று நோட்டில் எழுதினேன்.

சனிக்கிழமைகள் வேறு வேலைக்கு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் கரண்ட் வைத்தியம். ஆட்டோக்காரரும் நானும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போவோம். ஈரப் பஞ்சு வைத்த பட்டைகளைக் கையிலும் கெண்டைக்காலிலும் கட்டி, விட்டுவிட்டு மின்சாரம் கொடுப்பார்கள். செத்த கால் துள்ளும். எனக்கு அந்தத் துள்ளல் பிடித்திருந்தது; நரம்பு கேட்கிறது என்பதற்கு அது சாட்சி என்று நம்பினேன். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கும். “இன்னும் ஒரு புள்ளி கூட்டலாமா சார்?” என்று கேட்டது நான்தான். நான்கு மாதங்களில் விரல் ஒன்றுகூடப் புதிதாக அசையவில்லை. நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பதினேழு வருடம் வண்டி ஓட்டிய டிரைவர் மாமா பார்க்க வந்தார். வந்தவர் டிவியைப் பார்த்தார்.

“என்ன மாப்ள, படுத்துக்கிட்டே படம் பாக்குறியா? வெறும் எழுத்தாப் போட்டு ஓட்டுறாய்ங்க?”

நான் விளக்கினேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, புதிதாக வந்திருக்கும் நடத்துநரைப் பற்றி அப்பாவிடம் புலம்ப ஆரம்பித்தார்.

“விசிலு ஊதச் சொன்னா ஊதல் பொம்மை மாதிரி ஊதுறான் மாப்ள. நிக்கச் சொல்றானா, எடுக்கச் சொல்றானான்னே வெளங்கல. ஒரு கெழவிய இறக்கி விடாமலே எடுத்துட்டேன். அது இறங்கி எனக்கு மண்ண வாரித் தூத்துது.”

அம்பு ‘ஃபேன்’ மேல் நின்றது. சோப்பு டப்பா இரண்டு முறை ஒலித்தது. மாமாவின் வலது கால் தரையில் ஒரு அங்குலம் நகர்ந்து அழுந்தியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் காலையே பார்த்தார். அம்பு ‘போர்வை’க்கு வந்தது. மறுபடி இரண்டு முறை.

“யாரு டபுள் குடுக்குறது?” என்றார்.

“அது விரல் நடுக்கம் மாமா. ஒரு தடவ அழுத்துனா ரெண்டா விழுது.”

“நடுக்கமா? ஏம்மா, பதினேழு வருசமா எங்காலுக்குச் சொன்ன ஆளு இவரு. ஒத்த விசிலுன்னா நிறுத்து. டபுள்னா எடு. போகச் சொல்றாருத்தா. வண்டிய எடுங்கிறாரு!”

அவர் அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். “என்ன மாப்ள, எடுக்கவா?”

இரண்டு முறை.

நடத்துநர் மகள் நான். பள்ளிக்கூட நாட்களில் அந்த வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து போனவள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் அர்த்தம் எனக்கும் தெரியும். காதில் கேட்டால் தெரியும். சுவிட்சிலிருந்து வந்தபோது அதைக் கோளாறு என்று எழுதினேன்.

அன்று மாலையே புரோகிராமில் நான் சேர்த்திருந்த ‘கண்டுகொள்ளாதே’ வரியை எடுத்துவிட்டு, இரண்டு அழுத்தினால் அடுத்த வரிக்குப் போ, ஒன்று அழுத்தினால் அங்கேயே நில் என்று மாற்றினேன். அப்பா பத்து வரிகளுக்கும் இரண்டிரண்டாக அழுத்தினார். பட்டியல் முடிந்து மறுபடி தலையிலிருந்து வந்தது. மறுபடி பத்துக்கும் இரண்டு. தயங்கவே இல்லை. யாரும் ஏறாத, இறங்காத நிறுத்தங்களைக் கடப்பதுபோல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “அதுல என்னென்ன எழுதியிருக்க? வாசி பாப்போம்” என்றாள். பத்தையும் வாசித்தேன்.

“சனிக்கெழமையப் போடலயா?”

“சனிக்கிழமை என்ன?”

“வெள்ளிக்கெழம சாயந்தரமே அவருக்கு ஒடம்பு வெறச்சுப் போகுது. குளிப்பாட்டுற எனக்குத் தெரியாதா? நீயும் எழுதுவ எழுதுவன்னு பாத்தேன்.”

“இத ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“படிச்ச புள்ள, காரணமாத்தான் செய்வேன்னு இருந்தேன்.”

நான் காரணமாகத்தான் செய்திருந்தேன். பட்டியலில் இருந்தவை எல்லாம் எங்களால் உடனே எடுத்துக் கொடுக்க முடிந்தவை. இது எடுத்துக் கொடுப்பதல்ல, விட்டுவிடுவது. விட்டால் அந்தக் கால் இனி நடக்காது என்பதை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பதினோராவது வரியாக ‘சனிக்கிழமை வேண்டாம்’ என்று சேர்த்தேன். ‘ழ’வுக்குக் கட்டம் போட்டு வரைந்து முடிப்பதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிட்டது. நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது. அதற்கும் கூட்டிப்போனேன். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஞாயிறு காலை பத்து வரிகளையும் இரண்டிரண்டாகக் கடந்து, அம்பு பதினொன்றில் நின்றது. பஸ்ஸர் ஒரே ஒரு முறை ஒலித்தது.

தற்செயலாக இருக்கலாம் என்று அந்த வரியை மூன்றாவது இடத்துக்கு மாற்றினேன். மூன்றில் ஒற்றை. ஆறாவது இடத்துக்கு மாற்றினேன். இந்தத் தடவை அப்பா விரலை எடுக்கவில்லை. பஸ்ஸர் விடாமல் அலறியது.

“போதும்டி. இன்னும் எத்தன தடவ கேப்ப?” என்று அம்மா டப்பாவோடு சேர்த்து அவர் கையைப் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆட்டோக்காரர் வந்தார். வேண்டாம் என்று அனுப்பினேன். அப்பா அன்று மதியம் ரேடியோ கேட்டார். பிறகு வந்த வாரங்களில், வேண்டியபோது, ‘தண்ணீர்’, ‘புரட்டு’ எல்லாவற்றுக்கும் ஒற்றை வந்தது. இயந்திரம் நான் நினைத்தபடி வேலை செய்தது அந்தக் கொஞ்ச நாட்கள்தான். ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டியது. நான்காம் நாள் போய்விட்டார். வைத்தியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். நான் தாமதப்படுத்தியது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிறு, மேசையில் உட்கார்ந்து சோப்பு டப்பாவைத் திறந்தேன். பழக்கம். எந்தச் சாமானையும் ஓரங்கட்டும் முன் பிரித்துப் பார்த்துவிடுவேன். சுவிட்சின் இரண்டு தகடுகளையும் விளக்கில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். தேய்மானம் இல்லை. கரி இல்லை. பொத்தானின் மேல்புறம் மட்டும், கட்டைவிரல் பட்ட இடத்தில், வழுவழுப்பாகியிருந்தது.

நோட்டைத் திறந்து ‘நோயாளிக்குச் சோர்வு’ என்ற வரியைத் தேடினேன். அதை அடிக்கவில்லை. பக்கத்தில் அந்தப் பதினைந்து எண்களும் இருந்தன.