உருளை என்று சொல்லவும்

“இனிமே நம்ம ஏஜென்சில போன எடுக்க மனுசனே தேவையில்ல. மெஷினுக்குத் தமிழ் புரியும். நம்மள விட நல்லாவே புரியும்.”

2011 பொங்கல் கழிந்த கையோடு, கடலூர் மஞ்சக்குப்பத்துச் சமையல் எரிவாயு ஏஜென்சியில் புது இயந்திரத்துக்கு மாலை போட்டுவிட்டு மேலாளர் செபாஸ்டின் வெளியிட்ட பிரகடனம் இது. முதலாளி அன்பரசு கைதட்டினார். அதுவரை போனில் சிலிண்டர் பதிந்துகொண்டிருந்த ஜான்சியும் கைதட்டினாள். அன்றோடு அவளுக்கு வேலை இல்லை என்ற செய்தி தட்டி முடித்த பிறகுதான் சொல்லப்பட்டது.

இயந்திரத்துக்குத் தமிழ் புரிந்தது உண்மை. கடலூரில் பேசுவதும் தமிழ்தான் என்று மட்டும் யாரும் அதனிடம் சொல்லி வைக்கவில்லை.

“வணக்கம். உருளை வேண்டுமெனில் ‘உருளை’ என்று சொல்லவும்.”

“உருளையும் வேணாம், வெங்காயமும் வேணாம். கேஸு தீந்துபோச்சி, அனுப்பு தாயி.”

“மன்னிக்கவும். புரியவில்லை.”

“இன்னா புரியல? நீ எந்த ஊரு பொண்ணு?”

குறை சொல்லவும் வழி இருந்தது. ‘புகார்’ என்று சொல்ல வேண்டும். ஜனங்கள் ‘கம்ப்ளைன்ட்’ என்றார்கள். ஆகவே மாத அறிக்கையில் புகார் ஒன்றுகூட இல்லை.

“ஜான்சி இருந்தப்ப நாளெல்லாம் கம்ப்ளைன்ட்டு. இப்ப பாருங்க செபாஸ்டின்!” முதலாளி பூரித்தார். “புக்கிங்கும் கொறஞ்சிருக்கு. ஜனங்க சிக்கனமாயிட்டாங்க போல. அடுத்தது நம்ம சிதம்பரம் பிராஞ்சு. நீங்கதான் முன்ன நின்னு செய்யணும்.”

செபாஸ்டின் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் பிரகடனம் போகும், அதன் பின்னாலேயே வேலையும் போகும். “சரிங்க சார்” என்று மூடிக்கொண்டார்.

மே மாதம், மகள் மேரி ஷாலினி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை ஞாயிறு நெருங்கியபோது வீட்டு சிலிண்டர் தீர்ந்தது.

“ஊருக்கெல்லாம் கேஸு குடுக்குற மனுசன் வூட்டுல கேஸு இல்ல” என்றாள் மனைவி இன்னாசிமேரி. “எங்கண்ணன் வூட்டுலேந்து எல்லாரும் விருந்துக்கு வராங்க. இன்னாங்க பண்ணப் போறீங்க?”

“போன் போட்டாப் போச்சு.”

“ஆமா, எடுக்கறதுக்கு ஜான்சி உக்காந்திருக்கா.”

இயந்திரம் தரும் பதிவு எண் இல்லாமல் கிடங்கிலிருந்து ஒரு சிலிண்டரும் நகரக் கூடாது. அந்த உத்தரவை எழுதி ஒட்டிய பெருமையும் செபாஸ்டினையே சேரும். அவர் தொண்டையைச் செருமி, “உருளை” என்றார். இயந்திரம் மகிழ்ந்து பெயர் கேட்டது.

“செபாஸ்டின்.”

“சுப்புராயன், குடிகாடு. சரியெனில் ‘ஆம்’ என்று சொல்லவும்.”

“ஆம் இல்ல! ஆம் இல்ல!”

முதல் சொல்லிலேயே இயந்திரத்துக்குத் திருப்தி. “நன்றி” என்று வைத்துவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் “மன்னிக்கவும்”தான்.

சனிக்கிழமை, சிலிண்டர் போடும் அய்யனார் குடிகாட்டிலிருந்து திரும்பினான்.

“சார், அந்த சுப்புராயன் என் கையப் புடிச்சிக்கினு அழுவாத கொற. மாசக்கணக்கா போன்ல கத்தினாராம். கத்துறத வுட்டதும் தானா வந்துடுச்சாம். மெஷினுக்கும் மனசு இருக்குதுன்றாரு.”

“அத திருப்பி எடுத்தார முடியாதாடா?”

“அடுப்புல மாட்டி டீ போட்டு எனக்கே குடுத்துட்டாரு சார்.”

ஞாயிறு பிரியாணி கொல்லைப்புறத்தில் கருவேல விறகில் வெந்தது. வெள்ளை கவுன் போட்ட ஷாலினி புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படத்துக்கு நின்றாள். “இன்னா மச்சான், மெஷினு வெறும் புகைய மட்டும்தான் அனுப்புமா?” என்றார் இன்னாசிமேரியின் அண்ணன். இன்னாசிமேரி பேச்சை மாற்றி அண்ணனுக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள். செபாஸ்டினுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அவர் ஜான்சியின் பழைய போனைத் துடைத்துத் தன் மேசைக்குக் கீழே மாட்டினார். அந்த எண்ணை அய்யனார் வீடு வீடாக ரகசியமாகச் சொல்லிவிட்டு வந்தான். ஜனங்கள் அதில் தங்கள் தமிழில் பேச, செபாஸ்டின் கேட்டுக்கொண்டு, இன்னொரு போனில் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி இயந்திரத்துக்கு ஒப்பித்தார். இயந்திரம் பதிந்தது. அறிக்கை இன்னும் அழகானது. சிதம்பரத்துக்கு நாள் குறிக்கப் போவதாக முதலாளி சொன்னார்.

மேசைக்குக் கீழே போன் அடித்தது.

“யாரு? பொம்பள மெஷின எடுத்துட்டு ஆம்பள மெஷின வெச்சிட்டாங்களா?”

முதலாளி அறையின் கதவு திறந்திருந்தது. செபாஸ்டின் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“இல்லம்மா” என்றார் மெதுவாக. “மனுசன்தான் பேசுறேன். சொல்லுங்க.”