அணைக்கும்போது கேட்ட கேள்வி

காரிமங்கலத்துப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இன்னாசிராஜ். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நீங்களும் கேட்க வேண்டாம். ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது. தாய் மதலேனம்மாள் போனபிறகு வீட்டில் தனியாள்.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். உலகத்தின் மிகப் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் ஓடுவதும் அதில்தான், இன்னாசிராஜின் ஓட்டைக் கம்ப்யூட்டர் ஓடுவதும் அதில்தான். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான அதன் பதிப்பு ஒன்றில், திரையில் தெரியும் சொற்களைப் பதினோரு வருடமாகத் தமிழாக்குகிறவர் அவர் ஒருவரே. கோப்பு, சேமி, நீக்கு என்று எட்டாயிரம் வரிகள். ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை.

அம்மா இறந்த வருடம் ஒரு குறும்பு செய்தார். கம்ப்யூட்டரை அணைக்கப் போனால் ‘நிச்சயமாக அணைக்கவா?’ என்று வருமே, அதன் கீழே ‘சாப்பிட்டீங்களா?’ என்று சேர்த்துவிட்டார். படிக்கிறவர் எவராவது இருந்தால், இது தப்பென்று புகார்ப் பக்கத்தில் எழுதுவார் அல்லவா? மூன்று வருடம் காத்திருந்தார். ஒரு புகாரும் இல்லை. ஆளில்லாத வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு வலித்தது.

இந்த வருடம் பதிப்புக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. யாரும் பயன்படுத்தாத மொழிகளை எடுத்துவிடப் போகிறார்களாம். மொழிபெயர்ப்பாளர் அல்லாத ஒரே ஒருவர் புகார்ப் பக்கத்தில் தலை காட்டினால் போதும், தமிழ் தப்பிக்கும். தமிழில் பயன்படுத்துகிறவர் யாராவது உண்டா என்று இன்னாசிராஜ் கம்ப்யூட்டர் கடை முருகேஷிடம் போய்க் கேட்டார்.

“தமிழ்ல யாருங்ண்ணா கம்ப்யூட்டர் வெச்சிருக்காங்க? கோப்புன்னா என்னன்னு எனக்கே தெரியாதுங்க” என்று சிரித்தான் முருகேஷ்.

பொய்யாக ஒருவரை எழுதச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. போகிறதைச் சுத்தமாகவாவது அனுப்புவோம் என்று கடைசியாக ஒருமுறை எல்லா வரிகளையும் சரிபார்த்தார். அந்தக் கேள்வியைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது. எடுத்துவிட்டார்.

திருத்திய பதிப்பு வெளியாகி ஒன்பதாம் நாள், புகார்ப் பக்கத்தில் தமிழில் ஒரு கடிதம் வந்தது.

‘ஐயா, நான் ஏரியூர் சென்னப்பன். என் மவன் அருள்குமார் ஜெர்மனில சூப்பர் கம்ப்யூட்டர் வேலையில இருக்கறானுங்க. ரெண்டு வருசம் முன்ன போறப்ப இந்தக் கம்ப்யூட்டர தமிழ்ல போட்டுக் குடுத்துட்டுப் போனான். போன்ல அதிகம் பேச மாட்டான். ஆனா அணைக்கறப்ப எல்லாம் சாப்பிட்டீங்களான்னு கேக்கற மாதிரி எழுதி வெச்சிருந்தானுங்க. நானும் சாப்பிட்டேன்ப்பான்னு சொல்லிட்டுத்தான் அணைப்பேன். ஒரு வாரமா அது கேக்க மாட்டேங்குது. கம்ப்யூட்டர்லயே புகார்னு ஒரு எடம் இருந்துது, அதான் இங்க எழுதறேன். அவனுக்கு எம்மேல என்ன கோவம்னு தெரியலைங்க.’

காத்திருந்த ஆள் கிடைத்துவிட்டார். அதுவும் இரண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய ஏரியூரில். இந்தக் கடிதமே சாட்சி, தமிழ் தப்பித்தது. சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். இத்தனை வருடத்தில் அவருக்குப் பதில் சொன்னவர் ஒருவர்தான். அவரும் வேறொருவனுக்கல்லவா சொல்லியிருக்கிறார்!

‘அத எழுதுனது நான்தானுங்க’ என்று தட்டினார். இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு அதை நீக்கிவிட்டு வேறு எழுதினார்.

‘கோவமெல்லாம் இல்லைங்கய்யா. உங்க மவன் எழுதுனத நான்தான் தெரியாம எடுத்துட்டேன். இன்னிக்கே திரும்ப வெச்சுடறேன்.’

சொன்னபடியே வைத்தார். இரண்டு நாளில் சென்னப்பனிடமிருந்து பதில் வந்தது.

‘வந்துடுச்சுங்க. இனிமே அடுத்தவங்க எழுதி வெச்சதுல கை வெக்காதீங்க.’

‘சரிங்கய்யா’ என்று பதில் போட்டார் இன்னாசிராஜ்.