பருந்து மனிதன் வீடு திரும்பிய படம்

பருந்து மனிதனை நான் இரண்டு நாடுகளில் பார்த்திருக்கிறேன். இலங்கையில் பார்த்தபோது அவன் கறுப்பு வெள்ளையில் இருந்தான், லேசாகத் தொப்பையும் இருந்தது. ஊட்டியில் பார்த்தபோது இளைத்து, கலருக்கு மாறி, ஜம்மென்று ஆகியிருந்தான். கப்பலேறி வந்ததில் எங்கள் குடும்பமும் இளைத்தது. கலர்தான் வரவில்லை.

கிளென்மார்கன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்களுக்கு வேலையும், லயம் என்கிற கூலிக்காரர் வரிசையில் ஒரு வீடும் கிடைத்திருந்தன. அப்பா, அம்மா, நான், அவ்வளவுதான் குடும்பம். அம்மாவின் தம்பி, என் மாமா, இலங்கையிலேயே நின்றுவிட்டார். தாயில்லாத பிள்ளை என்று அம்மாதான் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். இந்தியா திரும்புவதற்கான தன் பத்திரங்கள் இன்னும் வரவில்லை, வந்த கையோடு அடுத்த கப்பலைப் பிடித்துவிடுவேன் என்று சொல்லித்தான் மாமா எங்களை ரயிலேற்றினார். அம்மா அதை அப்படியே நம்பியிருந்தாள். மழைக்கு ஒழுகாத மூலை வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது மாமாவுக்கு. அங்கே நான் பாயை விரித்தால் திட்டு விழும்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி டீச்சரின் மகள். ஊட்டிக் காந்தலில் வீடு, தினமும் தன் அம்மாவுடன் பஸ்ஸில் வருவாள். பைக்குள் சித்திரக்கதைப் புத்தகங்கள் வைத்திருப்பாள். பருந்து மனிதன் கதைகள் எங்கள் இருவருக்கும் தலைகீழ்ப் பாடம். பகலில் அவன் கடையில் பில் போடும் பயந்தாங்கொள்ளி, இருட்டினால் முகமூடியும் இறக்கையுமாக ஊரைக் காப்பாற்றுகிறவன். அவனை வளர்த்த அக்காவுக்கே அவன் யாரென்று தெரியாது. தெரியாமலே அவன் கிழிந்த சட்டையைத் தைத்துக்கொடுப்பாள்.

ஊட்டியில் கலர்ப்படம் வந்ததும் டீச்சர் மகள் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்கு நடித்துக் காட்டினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இதென்ன பிரமாதம், நாங்கள் அங்கேயே பார்த்தாயிற்று என்றேன். ஆரம்பித்தது வழக்கு. அவள் படத்தில் இறக்கை தகடாய் மின்னியதாம். எங்கள் படத்தில் நனைந்த குடைத்துணி மாதிரிதான் இருக்கும், பறக்கும்போது இடுப்பில் கம்பியும் தெரியும். கம்பியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. பதிலுக்கு எங்கள் வில்லனின் சிரிப்பை எடுத்துவிட்டேன், அவள் வில்லனுக்கு அப்படிச் சிரிக்க வரவில்லை. ஏறக்குறையச் சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தோம், முடிவுக்கு வரும்வரை.

எங்கள் படத்தின் முடிவில் பருந்து மனிதன் வீட்டுக்குப் போய், முகமூடியைக் கழற்றி அக்கா முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு, இனி எங்கும் போகமாட்டேன் என்பான். அவள் படத்திலோ ஜன்னலுக்கு வெளியே நின்று அக்காவைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே பறந்துவிடுவானாம். புத்தகத்திலும் அவன் முகமூடியைக் கழற்றியதே இல்லை, ஆகவே நான் சொல்வது சிலோன் புளுகு என்று தீர்ப்பாயிற்று. வகுப்பே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா சிரித்தார்.

"நாம எங்க புள்ள முடிவப் பாத்தோம்? கடைசி பஸ் போயிரும்னு நடுவுலயே எந்திரிச்சி வந்தோமே. மிச்சக் கதைய ஒங்க மாமன்தான் பஸ்ஸுல சொல்லிக்கிட்டு வந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசையும் முகமூடியும் என் கண்ணுக்குள் அப்படியே இருந்தன. ஆனாலும் மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவர் முன்னமே பார்த்திருப்பார் என்று சாதித்தேன். அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முந்தின வாரம் எங்கள் பழைய தோட்டத்திலிருந்து புதிதாக வந்திறங்கிய ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்து, என்னை வெளியே விளையாட அனுப்பிவிட்டு வெகுநேரம் பேசிவிட்டுப் போனதிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கெழம போயி நாமளே பாத்துருவோம்."

அப்பாவே திரும்பிப் பார்த்தார். சினிமா என்றால் தலைவலி என்கிற ஆள் அவள்.

படம் இங்கிலீஷ். போயிருந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வார்த்தையும் புரியவில்லை. அடிதடி நடக்கும்போதெல்லாம் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். அந்த அக்கா வரும்போது மட்டும் முன்னால் நகர்ந்தாள். கடைசியில் அக்கா இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பருந்து மனிதன் நின்றான், பார்த்தான், இறக்கையை விரித்துப் போயே போய்விட்டான். கூட்டம் விசிலடித்தது. விளக்குப் போட்ட பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. மகள் தோற்றுப்போனதற்கு இவ்வளவு அழுகிறாளே என்று எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது.

நாங்கள் வருவதை நானே வகுப்பில் சொல்லியிருந்ததால், வாசலில் டீச்சர் மகள் தயாராக நின்றிருந்தாள். என் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே டீச்சரையும் காந்தலிலிருந்து இழுத்து வந்திருந்தாள். என்னை விட்டுவிட்டு நேராக அம்மாவிடம் போனாள்.

"ஏனுங்கம்மா, அவன் ஊட்டுக்கு வரவே இல்லீங்கல்ல? இவ சொன்னது புளுகுதானுங்களே?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது வேற படம்மா. நாங்க அங்க பாத்ததுல தம்பி அக்காக்கிட்ட வந்துட்டான். நானும்தான் பாத்தேன்."

சின்னப் பொய்க்கும் அகப்பைக் காம்பைத் தூக்குகிறவள் என் அம்மா. டீச்சர் அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, போதும் வா என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து சிலோன் புளுகு என்ற பேச்சு வகுப்பில் எழவில்லை.

வந்திறங்கிய அந்தக் குடும்பம் அம்மாவிடம் சொன்னது என்ன என்பது, நான் கல்யாண வயதுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாமா அந்த நாட்டுக் குடியுரிமைக்கே மனுப் போட்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்காக, நாங்கள் புறப்படுவதற்கு எத்தனையோ நாள் முன்பே. அதைச் சொல்லியிருந்தால் அம்மா ரயிலேறியிருக்கமாட்டாள், அவள் இல்லாமல் நாங்களும் வந்திருக்கமாட்டோம். அது தெரிந்துதான் அவர் அடுத்த கப்பல் என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மாவும் கடைசிவரை குறை சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஜெயித்த தெம்பில் பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். மாமா வந்ததும் முதல் வேலையாக இந்தப் படத்துக்குக் கூட்டிவர வேண்டும், இங்கே முடிவை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் அவருக்கு எப்படிக் கோபம் வரும் பார் என்றேன். அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடிவிட்டு என்னைத் தன் பக்கம் இழுத்துப் போர்த்தினாள்.

"வரட்டும். கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுவோம்."

அதற்குள் படத்தைத் தூக்கிவிடுவார்களோ என்பதுதான் வழியெல்லாம் எனக்குக் கவலையாக இருந்தது.