மூன்று கிண்ணத்து வெளிச்சம்

தங்கச்சியின் கணவர், என் மச்சான், லக்கலயில் நெல் செய்கிறவர். கதிர் பிடித்தால் யானை வரும். பொழுது சாய்ந்ததும் மரத்துப் பரணில் ஏறிக் காவல் இருப்பார். அவருக்காக மூன்று எல்ஈடி வைத்த டோர்ச் ஒன்றைச் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாத்தளையில் ஃபோன் திருத்துகிறவன் நான். வயர், பேட்டரி எல்லாம் கைப்பழக்கம். ரிஃப்ளெக்டர்தான் உயிரை வாங்கியது. பழைய டோர்ச்சுகளிலிருந்து மூன்று ரிஃப்ளெக்டர் கிண்ணங்களைக் கழற்றி, ஓரம் சீவி ஒட்டினேன். அடித்தால் சுவரில் மூன்று வட்டம், மூன்று பக்கம். கிண்ணங்களின் அடியை அரத்தால் அராவினேன். கொஞ்சம் கூடிப்போய், வெளிச்சத்துக்கு நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை. சைத்தான் பிடித்த வேலை! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். "இந்த மனுசனுக்கு என்ன வந்திச்சி?" என்று மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வழியாக மூன்று வட்டமும் ஒன்றாகக் கூடின. எதிர் மேட்டுத் தென்னையில் குலை தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே லக்கல பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த மாதம் தங்கச்சி, அண்ணன் என்னை 'நானா' என்று கூப்பிட்டுக்கொண்டு, அதே டோர்ச்சோடு கடைக்குள் வந்து நின்றாள்.

"சார்ஜ் நிக்குதில்லன்னு அவருக்கிட்ட பொய் சொல்லிக் கொண்டந்தேன், நானா. முந்தி பயத்துல பரண்லயே இருந்து யானை வெடி போடுவாரு. இப்ப தூரத்துலயே யானை தெரியுதுன்னு எறங்கி வரப்பு வழியா வெரட்டிப் போறாரு. லைட்டா குடுத்தீங்க? மவுத்தயில்ல, சாவயில்ல கையில குடுத்திருக்கீங்க!"

அவளை உட்காரச் சொல்லிவிட்டு டோர்ச்சைப் பிரித்தேன். கிண்ணத்தின் பளபளப்பில் வார்னிஷைப் பொட்டுப் பொட்டாக வைத்தால் ஒளி கலைந்து பக்கத்திலேயே பரவிவிடும். தூரம் போகாது. மூன்று கிண்ணத்துக்கும் வைத்து டோர்ச்சை மூட்டிய கையோடு, உரம் வாங்க டவுனுக்கு வந்த மச்சான் வாசலில் நின்றார். மறைக்க நேரமில்லை. அவரே எடுத்துக் கடையின் இருட்டான பின்பக்கத்தை நோக்கி அடித்துப் பார்த்தார்.

"என்ன மச்சான், தூரம் போவுதில்லயே?"

"ஒங்களுக்குத் தூரம் வேணாம்! பரண்ல இருந்து எறங்கவும் வேணாம்!" கத்தியே விட்டேன்.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை.

"மேல இருந்தா எனக்கு ஒன்னும் ஆவாதுதான். கீழ இருக்கிற நெல்லத்தான் தின்னுட்டுப் போவும். வெடிக்கு இப்ப அது பயப்படுறதுமில்ல. போன போகம் பாதி போச்சு. இந்தப் போகமும் போனா புள்ளைகளுக்கு என்னத்த ஆக்கிப் போடுவீங்கன்னு ஒங்கட தங்கச்சியயே கேளுங்க."

எனக்கு அவர் மீதும் யானை மீதும் என் மீதும் ஆத்திரமாக வந்தது. வார்னிஷ் தூரிகை மேசையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. லக்கல பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மச்சான் உர மூட்டையைத் தூக்கப் போனார்.

தங்கச்சி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வேற கிண்ணம் இருக்கா நானா?" என்றாள். "தூரத்துக்கே அடிக்கிற மாதிரி போட்டுக் குடுங்க."