பெரியப்பா வெட்டிய ஏழு பூ

என் அக்காவின் தலையை வெட்டிவிடும்படி பெரியப்பா எங்கள் அப்பாவுக்கு உத்தரவு அனுப்பினார் என்று பதினொரு வயதில் நான் நம்பினேன். முழுதாக ஒரு சனிக்கிழமை நம்பினேன். இதைச் சொன்னால் இப்போது என் பிள்ளைகளே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

குற்றம் ரோமாபுரியுடையது. அந்த வாரம்தான் சரித்திரம் படிப்பித்த சேர், அந்த ஊரின் ஏழாவது ராஜா தார்க்குவினின் கதையைச் சொல்லியிருந்தார். ராஜாவின் மகன் பகையாளி ஊருக்குள் நல்லவன் வேஷம் போட்டு நுழைந்துவிட்டு, இனி என்ன செய்வது என்று கேட்டு அப்பனிடம் ஆள் அனுப்புகிறான். ராஜா வாயே திறக்கவில்லை. தோட்டத்துக்குள் நடந்துகொண்டே, உயர்ந்து நின்ற கசகசாப் பூக்களின் தலையை மட்டும் கம்பால் தட்டித் தட்டி விழுத்தினான். வந்தவன் ஒன்றும் விளங்காமல் திரும்பிப் போய், பார்த்ததைச் சொன்னான். மகனுக்கு விளங்கிவிட்டது. ஊரில் தலைதூக்கி நிற்கும் ஆட்களையெல்லாம் தீர்த்துக்கட்டினான். "அந்தத் தூதன மாதிரி ஒரு மடையன் உண்டா?" என்று சேர் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

எங்கள் வீடு மஹய்யாவையில். பெரியப்பா கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அந்தூரியம் பூ வளர்த்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் வாய்த்தகராறாகி, அப்பாவுக்கும் அவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் அண்ணனைக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் செய்ய அப்பாவுக்குத் தைரியம் கிடையாது. தூது போகத்தான் என்னைப் பெற்று வைத்திருந்தார்.

அன்றைய பெரிய காரியம் அக்கா. கொழும்பில் நேர்ஸ் பயிற்சிக்கு வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் தனியாகப் படிக்கப் போனதில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் போட வேண்டும். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடாமல், அந்தக் கடிதத்தையே விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள்.

"அனுப்பவா வேணாமான்னு கேளு. அவரு சொல்றத அப்புடியே வந்து சொல்லு. சொந்தமா ஒண்ணும் சேக்காத" என்றார் அப்பா.

போய்க் கேட்டேன். பெரியப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனார். இருந்ததிலேயே உயரமான பூவின் கழுத்தில் வைத்தார். கிளிக். அடுத்த உயரமானது. கிளிக். நான் ஏழு வரை எண்ணினேன்.

"இந்தா, ஒங்கப்பன்கிட்ட குடு. அவனுக்கு வெளங்கும்."

"வாயால ஒண்ணும் சொல்லலியே, பெரியப்பா?"

"அவங்கிட்ட எனக்கென்னடா பேச்சு? பூவக் குடு, போதும்."

அப்பாவுக்கு விளங்குமோ என்னவோ, எனக்கு விளங்கிவிட்டது. நான் என்ன அந்த ரோமாபுரி மடையனா? எங்கள் குடும்பத்தில் தலைதூக்கி நின்றது அக்காதானே! ஆனால் கையில் இருந்தது ஏழு தலை. மிச்சம் ஆறு யார் யாருடையது என்று உயரவாரியாக எண்ணிப் பார்த்தேன். நாலாவதாக நானே வந்தேன். அங்கிருந்து பாலம்வரை முழங்காலை மடக்கியே நடந்தேன்.

பாலத்தில் மரக்கறிப் பையோடு வந்த ஒரு அம்மா நின்று, "தம்பி, பூ விக்கவா? என்ன வெல?" என்று கேட்டார்.

"இது பூ இல்லங்க. தல."

அந்த அம்மா சட்டென்று மற்றப் பக்கம் மாறி நடந்தார். நான் ஏழு தலையையும் ஒவ்வொன்றாக மகாவலி ஆற்றுக்குள் போட்டேன். முகத்தை மேலே காட்டிக்கொண்டு அவை மிதந்து போயின.

வீட்டில் எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள். அக்கா மட்டும் குசினிக் கதவுக்குப் பின்னால்.

"என்னடா சொன்னாரு?"

"அனுப்பச் சொன்னாரு."

"அப்புடியேவா சொன்னாரு?"

"ஆமா. ரெண்டு தரம் சொன்னாரு."

அக்கா கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒரு ராஜாவை ஏமாற்றி ஏழு உயிரைக் காப்பாற்றிய களைப்பில் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அக்கா கொழும்புக்குப் போனாள். பெரியப்பா வழியனுப்ப வரவில்லை. அவரும் அப்பாவும் மறுபடி பேசத் தொடங்க இன்னும் நாலு வருடம் பிடித்தது. 'சரி என்று சொன்ன மனுஷனுக்கு இவ்வளவு வீம்பா' என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்.

நடந்ததைப் பெரியம்மா எனக்குச் சொன்னது நான் மீசை வைத்த பிறகுதான். அந்த உயரமான பூக்கள் முதல்தரம், கடைக்கு மட்டும் போகிறவை. வீட்டுச் சாமிப் படத்துக்குக்கூட அவர் அதில் ஒன்று வைத்ததில்லை. அன்று ஏழு பூவை வெட்டியது, எங்கள் குடும்பத்தின் முதல் நேர்ஸுக்கு. பூவைக் கண்டதும் தம்பி ஓடி வருவான் என்று, மறுநாள் காலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் இரண்டு கதிரை எடுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். இருட்டுகிற நேரம் பெரியம்மாதான் இரண்டு கதிரையையும் உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்.